அப்பா குளிக்காத நாள்

"வேசம் போடுறதுக்கும் ஒரு அளவு வேணும், மச்சாள்!"

சிவானுஜா போட்ட சத்தத்தில், எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இத்தாலியக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரேத்தோக் குடியிருப்பில் சுவர்களுக்கும் காது உண்டு; சிவானுஜாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

கூடத்துக் கதிரையில் அவளுடைய அப்பா கோபாலசிங்கம் இருந்தார். முகத்தில் நரைமயிர் முள்ளாய் நின்றது. இரவு உடுத்த சாரம். பொத்தான் மாறிப் பூட்டிய சட்டை. அதன் மார்பில் தேநீர்க் கறை. நெற்றியில் திருநீறுகூட இல்லை.

மிலானிலிருந்து அவள் வந்து ஒரு கிழமை ஆகிறது. ஒவ்வொரு நாளும் அவள் நித்திரை முறித்து வெளியே வரும்போது, அப்பா குளித்து, சவரம் செய்து, திருநீறு பூசி, மடிப்புக் குலையாத சட்டையோடு இதே கதிரையில் சிரித்துக்கொண்டிருப்பார். காப்புறுதிக் கம்பனியின் மருத்துவர் வருகிற இன்றைக்கு மட்டும் இந்தக் கோலம்.

"ஏனப்பா குளிக்கேல்லை?"

அவர் மருமகளைப் பார்த்தார். "சிவமலர்தான் இண்டைக்கு வேண்டாமெண்டவள்."

வேறு சாட்சி எதற்கு?

முதுமையில் பராமரிப்புக்கு உதவும் என்று அண்ணன் நகுலேஸ்வரன் அப்பாவின் பெயரில் முன்பே எடுத்து வைத்த காப்புறுதி அது. குளிக்கவும் உடுக்கவும் நடமாடவும் இன்னொருவர் கை வேண்டும் என்று மருத்துவர் உறுதிப்படுத்தினால்தான் கம்பனி மாதாமாதம் பணம் கொடுக்கும்.

"வாற டொக்டருக்கு உள்ளதை உள்ளபடி காட்டத்தான், சிவானுஜா." சிவமலர் முதுகு நோவுக்குக் கட்டியிருந்த இடுப்புப் பட்டியை இழுத்துவிட்டாள். "இது கிடைச்சால் மாமாவைப் பாக்க ஒரு ஆளை வைக்கலாம். இல்லாட்டி முதியோர் ஹோமிலைதான் விடவேணுமெண்டு உங்கட அண்ணை சொல்லிப்போட்டார். என்ர முதுகாலையும் இனி ஏலாது."

"இத்தாலியச் சின்யோராக்களின்ர வீடு துடைச்சு முறிஞ்ச முதுகுக்கு என்ர அப்பா நோயாளியா நடிக்கோணுமோ? ஆள் வைக்கப் போறாவாம் ஆள்! மகாராணி!"

சிவமலர் வாயைத் திறந்தாள். கோபாலசிங்கம் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாருங்கோ, பதில் வராது. குற்றமுள்ளவைக்கு எப்பிடி வரும்? எழும்புங்கோ அப்பா, போய்க் குளிச்சிட்டு வாங்கோ."

"பிறகு குளிக்கிறன், பிள்ளை."

"அவ்வளவு பயப்படுத்தி வைச்சிருக்கிறாவோ உங்களை?"

அழைப்பு மணி அடித்தது.

வந்த மருத்துவர் பொறுமையான பெண். கதிரையை இழுத்துக் கோபாலசிங்கத்தின் எதிரே அமர்ந்து, முதல் கேள்வியைக் கேட்டார்.

"இவரைக் குளிப்பாட்டுவது யார்?"

"நான்தான்," என்றாள் சிவமலர்.

"பொய்!" சிவானுஜா இத்தாலிய மொழியில் வெடித்தாள். "டொட்டோரெஸ்ஸா, நான் இவருடைய சொந்த மகள். ஒரு கிழமையாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் தானே குளித்து, தானே உடுத்தி, மாப்பிள்ளை போல இருப்பவர் இவர். உங்களுக்குக் காட்டுவதற்காகவே இன்றைக்கு இப்படி அழுக்காக இருத்தியிருக்கிறார்கள்!"

மருத்துவர் சிவமலரைப் பார்த்தார். சிவமலர் மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்கோ."

கோபாலசிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். பெருமையும் கோபமுமாக அது அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் நானே செய்வேன்," என்றார், இத்தாலிய மொழியில்.

"எழுந்து நிற்க முடியுமா, சின்யோர்?"

கதிரையின் கைகளை இறுகப் பிடித்தார். உதட்டைக் கடித்தார். கழுத்து நரம்புகள் புடைக்க, எழுந்து நின்றார்.

"பாத்தியளோ!" சிவானுஜா கைதட்டினாள்.

மருத்துவர் தன் பையை மூடினார். "இவரே உதவி வேண்டாம் என்னும்போது வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது?"

லிஃப்ற் வரை சென்று, நாணயமுள்ள குடும்பம் இது என்று விளங்கப்படுத்தி, மருத்துவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள் சிவானுஜா. கதவு ஒருக்களித்திருந்தது. மச்சாளின் முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் நாலு வார்த்தை அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது.

உள்ளே, அப்பா கதிரைக்குக் கீழே தரையில் கிடந்தார். சாரம் நனைந்திருந்தது. சிவமலர் முழந்தாளிட்டு, அவருடைய கமக்கட்டுக்குள் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

"இப்பவாவது அவவுக்கு உண்மையைச் சொல்லட்டோ, மாமா?"

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. நாளைக்கும் அவள் எழும்ப முன்னமே என்னைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு இதிலை இருத்திவிடு. அவள் மிலானுக்குப் போகுமட்டும்தானே."