கொட்டகைச் சத்தம்

பொத்து பொத்தென்று தடி விழுந்தது. கூடவே பன்றிகள் லைனே அதிரக் கத்தின. சுவருக்கு இந்தப் பக்கம் வெங்கடம்மா தட்டைத் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"டேய் மனோகரு! நீ நல்லா இருப்பியாடா? வாயில்லா ஜீவனப் போட்டு இப்பிடியா சாத்துவே?"

"தவிடு வெக்கிறதுக்குள்ள முட்டிக்கினு வருதுங்க. நாலு போட்டாத்தான் அடங்கும். உன் வேலயப் பாரு பெரிம்மா!" மனோகருக்கு மூச்சு வாங்கியது. மறுபடி தடி விழுந்தது.

இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'நூறு' சொல்லும், சுவரோடு சுவர் ஒட்டிய தங்கச் சுரங்கக் குடியிருப்பு, சாம்பியன் ரீப்ஸ் லைன் அது. தினமும் தீனி நேரத்துக்கு இதே கூத்து. சோறு இறங்குமா? ஒவ்வொரு அடியும் தன் முதுகிலேயே விழுவதுபோல வெங்கடம்மாவுக்குத் துடித்தது. பொறுக்கமாட்டாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கே போய் நின்றாள்.

"அடிச்சே கொன்னுடுவான், டாக்டரம்மா. வந்து காப்பாத்துங்க."

மறுநாள் டாக்டர் சுனிதா வந்தாள். கொட்டகை வாசலில் சாத்தியிருந்த தடியின் நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. மனோகர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஆமா மேடம், அடிச்சேன். தப்புதான். இனிமே பன்னிங்கமேல கை வெக்கமாட்டேன்."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கினான்!" என்றாள் வெங்கடம்மா.

மனோகரின் பெண்டாட்டி மாலா தண்ணீர் கொண்டுவந்தாள். கொளுத்துகிற வெயிலில் புடவைமேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

சுனிதா உள்ளே போனாள். பன்றிகள் திபுதிபுவென்று ஓடிவந்து அவள் கையை முகர்ந்தன. ஒன்று மனோகரின் காலடியிலேயே வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"அடி வாங்குற பன்னி ஆளப் பாத்தாலே மூலைல ஒண்டிக்கும், நடுங்கும். இதுங்க மேல ஒரு கீறல்கூட இல்லியே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா? ரெண்டு காதாலயும் கேட்டேன் டாக்டரம்மா!"

சோதித்துப் பார்க்க சுனிதா அந்தத் தடியை எடுத்து ஓங்கினாள். பன்றிகள் அசையவே இல்லை. ஒன்று அதன் நுனியைக் கடிக்க வந்தது.

பின்னால் சொம்பு விழுந்து உருண்டது. மாலா சுவர் மூலையில் ஒண்டி, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நடுங்கினாள்.

வெங்கடம்மா ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். சட்டைக்கை விலகியது. மாலா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அதுங்க பசிக்குத்தான் கத்தும் பெரிம்மா. அடி எனக்கு."