வரையாத இரண்டு

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் மழை வெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. கணவரும் மகளும் விபத்தில் போய் நாற்பது நாள் ஆகிறது; வடிவம்மாளை அழைத்துப்போகத் தம்பி சந்திரசேகரன் வந்திருக்கிறான். முப்பது வருடம் மூலக்கூறுகளைப் புள்ளியும் கோடுமாக்கிக் கணக்குப் போட்ட வேதியியல் ஆய்வாளர் அவள். இன்று தாளில் ஒரே ஒரு புள்ளி. “பத்து காவானுக்கு, எங்க வீட்டுக்கே வந்துருங்கக்கா. இங்க தனியா இருக்க முடியாதுலா.” பென்சில் முனை புள்ளியைத் தொடுகிறது. “இது தண்ணி, தம்பி. ஆக்ஸிஜன மட்டுந்தான் புள்ளியா வைப்போம். ரெண்டு ஹைட்ரஜனையும் வரையிறதில்ல. வரையலன்னா இல்லன்னு ஆயிடுமா?” அவள் உட்கார்ந்திருப்பது போக, மேசையருகே இரண்டு நாற்காலிகள். உட்காரப்போன சந்திரசேகரன், இழுத்த நாற்காலியை ஓசைப்படாமல் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு நிற்கிறான்.