அடுப்படியிலிருந்து அம்மா

சிரிப்பு வரும். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே வராது. முதலில் எங்கள் வீட்டு ஹாலைப் பார்த்துவிடுங்கள்.

சோபா மேல் மடிக்காத துணி, மலை மாதிரி. மேசைக்கு அடியில் அண்ணன் ஜோனாஸ் நேற்று மீ நூடுல்ஸ் தின்ற கோப்பை. வாசலிலிருந்து டிவி வரைக்கும் அப்பாவின் மண்கால் தடம். அப்பா ஜார்ஜ், செலண்டார் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்து மண்ணில் பாதி எங்கள் ஹாலில்தான் இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு இதே ஹாலில் ஜெபமாலை. அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். இன்று எங்கள் முறை. முப்பது பேர் வருவார்கள்.

அம்மா பேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து எட்டு மணிக்கு வந்தார்.

"ரெனீ, அர மணி நேரம் படுக்குறேன். எழுப்பி விட்டுரு, வீடு கெடக்கு."

சொல்லிக்கொண்டே என் அறைக் கட்டிலில் சாய்ந்தார். போன வாரம் இப்படித்தான் தூங்காமல் மோப் போட்டு, தலைசுற்றி, வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுப்பப் போவதில்லை. காற்றாடியை ஐந்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நாலு மணி வரைக்கும் அம்மா தூங்கியே ஆகவேண்டும். அதற்குள் வீடும் சுத்தமாகியே ஆகவேண்டும்.

ஹாலில் அப்பா டிவி முன்னால். அண்ணன் போன் முன்னால். அம்மா எங்கே என்று இருவரும் கேட்கவில்லை. அடுப்படியில் இருப்பார் என்று முடிவு. வேறு எங்கே இருக்கப்போகிறார்?

இங்கேதான் என் திறமை வருகிறது. டிசிப்ளின் டீச்சர் குரலில் பேசி ஒரு வகுப்பையே எழுந்து நிற்கவைத்தவள் நான். அம்மா குரல் சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைத்து, கடைசி வார்த்தையை இழுத்தால் போதும்.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"என்னங்க, எந்திரிச்சு ஹாலுக்கு ஒரு மோப் போடுங்களேன்."

டிவி சத்தம் நின்றது. மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"என்ன சொன்ன, ரோசு?"

"மோப் போடச் சொன்னேன்."

"செரி. மோப் எங்க இருக்கு?"

"பாத்ரூம் கதவுக்குப் பின்னால."

"ரெண்டு இருக்கே. எது?"

"ஈரமா இல்லாதது எதுவோ அது."

எழுந்தே விட்டார். அடுத்து அண்ணன்.

"ஜோனாஸ், துணிய மடிச்சு வைடா."

"அஞ்சு நிமிசம்மா."

"அஞ்சு நிமிசத்துல வைபைய அடைச்சிருவேன்."

"ஒங்களுக்கு அதெல்லாம் அடைக்கத் தெரியாது லா."

"கத்துக்கிட்டேன்."

துணி மடியும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு ரொட்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். அப்பா வெறுங்காலோடு ஓடினார். பசி போல. ஆனால் திரும்பி வரும்போது கையில் ரொட்டி இல்லை. அடுத்த வீட்டுக்கு ரொட்டிக்காரர் ஹாரனே அடிக்காமல் போனார்.

சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும். பொறுங்கள்.

சன்னல் கண்ணாடி முடிந்தது. காற்றாடித் தூசி முடிந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து குரோப்போக் அப்பளம் கொறித்துக்கொண்டே அதிகாரம் செய்தேன். அப்பாவோ ஒவ்வொரு வேலை முடிந்ததும் "வேற என்ன, ரோசு?" என்று அவரே கேட்கிறார். பயம் இப்படியும் வேலை செய்யும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

"சோபாவ நகத்திக் கூட்டுங்க."

நகர்த்தினார்கள்.

"ரோசு, ரெனீயோட கணக்குப் பேப்பர் கெடக்கு இங்க. பதினெட்டு மார்க்கு."

மூக்கை அடைத்துக்கொண்டேன்.

"பரவால்ல விடுங்க. புள்ள முயற்சி பண்ணியிருக்கும்."

"ஓ. முயற்சியா?"

"கேள்வி கஷ்டமாம்."

அப்பா பலமாக இருமினார். தூசி அதிகம்தான்.

"அம்மாவுக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்லப்பா," என்றான் அண்ணன். "அவளுக்குப் போயி சப்போட் பண்றாங்க."

"பேசாம கூட்டுடா."

ஒரு மணிக்கு ஹால் மின்னியது. எங்கள் தரை வெள்ளை நிறம் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் குளிக்கப் போனான். கடைசியாக ஒரு உத்தரவு போடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்பா அடுப்படி வாசலில் நின்றார். கையில் மோப்.

மூக்கிலிருந்து விரலை எடுக்கக்கூட எனக்கு நேரமில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"மெதுவா பேசு. ஒங்கம்மா முழிச்சிருவா."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். மோப்பை என் கையில் கொடுத்தார்.

"ஹால் முடிஞ்சிருச்சு. இனிமே இந்த அடுப்படிதான் பாக்கி. காலையிலேருந்து இங்க ஒரு தட்டுகூட கழுவல போல."

காலடியில் பார்த்தேன். தரை முழுக்க நான் கொறித்த குரோப்போக் தூள்.

"எப்பப்பா தெரியும்?"

"மொத பேச்சுலயே."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குரல் எங்கப்பா பிசகுச்சு?"

"குரல்ல தப்பே இல்லம்மா. அச்சு அசல் அவதான்."

சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாத்தியிருந்த என் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார்.

"ஒங்கம்மா பொலம்புவா, திட்டுவா. திட்டிக்கிட்டே அவளே செஞ்சு முடிச்சிருவா. கல்யாணமாகி இருவது வருசத்துல, 'எந்திரிச்சு நீங்க செய்யுங்க'ன்னு ஒரு தடவகூட எங்கிட்டச் சொன்னதில்ல, ரெனீ."