சுக்காவும் டிவியும் கட்டிய பந்தயம்

சனிக்கிழமை வந்தால் செல்வினும் ரெஜினாவும் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டு அழுகைப் படம் பார்ப்பார்கள். கூடவே, கடையில் இருப்பதிலேயே காரமான மட்டன் சுக்கா பார்சலில் வந்து இறங்கும்.

"வாராவாரம் அந்த ஆளை அழவைக்கிறது நான்தான்," என்றது டிவி.

"அட போய்யா! என் மிளகுதான்," என்றது மேசையில் இருந்த சுக்கா. "அவர் வாயாலேயே சொல்வார், கேளு. தோத்தவங்க அப்புறம் பேசவே கூடாது. பந்தயமா?"

"பந்தயம்!"

படம் ஓடியது. மகளை ரயிலேற்றிவிட்ட ஒரு அப்பா, பிளாட்பாரத்தில் தனியாக நின்று கையசைத்தார். செல்வினின் மூக்கு சிவந்தது. கண்ணீர் பொலபொலவென்று தாடிக்குள் இறங்கியது.

"என்னங்க, அழறீங்களா?" என்றாள் ரெஜினா.

"சேச்சே! சுக்கா செம காரம்."

"ஜெயிச்சேன், ஜெயிச்சேன்!" என்று சுக்கா குதித்த குதியில் மேசையே ஆடியது. அவமானத்தில் டிவி ஒரு நொடி கறுத்து மீண்டது.

ரெஜினாவும் மூக்கை உறிஞ்சினாள். "ஆமாங்க, எனக்கும் காரம் தாங்கலை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பிரிக்காத பார்சலின் முடிச்சை அப்போதுதான் அவிழ்த்தாள்.