பிரேக் பிடித்த குற்றம்

மிதிக்கத் தொடங்கியதுமே டியூட்டியும் தொடங்கிவிடும். கம்பெனி கொடுத்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் பதித்த திரையில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் குணாளன் தினமும் சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போனான். அன்று ஒரு பள்ளிக்கூடச் சிறுமி குறுக்கே ஓடிவர, சட்டென்று பிரேக் பிடித்தான். பின்னால் வந்த லாரி அவன் வலது காலை நசுக்கிவிட்டது.

கம்பெனி அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்தார். குணாளனின் மனைவி வேதநாயகி வைத்தியச் செலவைப் பற்றிக் கேட்டாள்.

"சாரி மேடம். மிதிக்கிற வரைக்கும்தான் டியூட்டி. அவர் பிரேக் புடிச்ச செகண்டே டியூட்டி முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நடந்தது அவரோட சொந்த விஷயம்."

"அந்தப் புள்ள மேல ஏத்திட்டுப் போயிருந்தா?"

அவர் செல்போனில் கம்பெனி விதிகளைத் தடவிப் பார்த்தார். "அப்ப டியூட்டிலதான் இருந்திருப்பார். முழுச் செலவும் நாங்களே பாத்திருப்போம்" என்றார், நல்ல சேதி சொல்லும் முகத்தோடு.

வேதநாயகிக்கு அழுகை வரவில்லை. செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். கூடையை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"கெளம்புங்க. வழியில யார் குறுக்க வந்தாலும் பிரேக் புடிச்சிராதீங்க. உங்க வேலை போயிரும்."