மேல்வீட்டு நடை

யூட்டிகா மாதிரிச் சின்ன ஊரில்தான் கோரினின் சம்பளத்துக்கு மரத்தரை போட்ட வீடு கிடைக்கும். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காதபடி முக்கால்வாசித் தரையைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தம். அந்தத் தேன்நிறத் தரையை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வாரமே கீழ்வீட்டு பெட்ஸி வீட்டு உரிமையாளரிடம் புகார் கொடுத்தாள். பகல் முழுக்க மேலே யாரோ நடக்கிறார்களாம். கோரின் தனியாள், பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவள். இருந்தாலும், வீடு போய்விடுமே என்று கம்பளம் விரித்தாள்.

சனிக்கிழமை காலையில் பெட்ஸி வந்து நின்றாள்.

"புகாரைத் திரும்ப வாங்கிட்டேன். இதையெல்லாம் எடுத்துடு பொண்ணே."

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்போ ஒரே அமைதி. யாரைத் திட்டிப் பொழுதைப் போக்குறது?"

இருவரும் கம்பளங்களைச் சுருட்டி வைத்தார்கள். கோரின் கதவைப் பூட்டிவிட்டு, பெட்ஸியோடு காபி குடிக்கக் கீழே போனாள்.

காபி ஆறுவதற்குள் மேலே நடை தொடங்கியது.

"இவ்வளவு நாளும் நீன்னுல்ல நெனச்சேன்!" என்ற பெட்ஸி, பழக்கதோஷத்தில் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டினாள்.

நடை நின்றது. ஒரு ஷூ கழற்றி வைக்கப்படும் சத்தம், பிறகு இன்னொன்று. அதன்பின் வெறுங்கால்கள், மிக மெதுவாக, ஜன்னல் பக்கம் நடந்தன.