வேறிடத்தில் பயன்பாட்டில் உள்ளது

புற்றுநோயில் குரல்வளை போன பிறகு அருளப்பன் கழுத்தில் பொருத்திய கருவியால்தான் பேசினார். அதில் சொருகும் மெமரி கார்டில் அவர் குரல் இருந்தது.

இரண்டு வாரமாக அடிக்கடி குரல் வரவில்லை. "கார்டு வேறிடத்தில் பயன்பாட்டில் உள்ளது" என்று கருவியின் திரை காட்டியது. எழுதி அனுப்பிய புகாருக்கு, கருவி செய்த நிறுவனத்தின் புரோகிராமர் ஷர்மிளி அழைத்தாள்.

"சார், உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் தவறுதலா ஒரே சீரியல் நம்பர் விழுந்திருக்கு. நான் எழுதின புரோகிராம் அந்த நம்பரை வச்சுத்தான் கார்டை அடையாளம் காணும். முதல்ல சொருகுறவங்களுக்குத்தான் குரல் வரும். அதை மாத்த எனக்கு அனுமதி இல்ல சார்."

ஞாயிறு காலை சிறையிலிருந்து மகன் டெல்வின் கூப்பிட்டான். கைதான பின் இதுதான் அவனுடைய முதல் அழைப்பு. வீட்டில் வேறு யாருமில்லை. அருளப்பன் அவசரமாகக் கார்டைச் சொருகினார்.

"அப்பா, நான்தான்."

திரையில் அதே வரி. கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி சொருகினார். மாறவில்லை. போனை விரலால் தட்டினார்.

"நான் செஞ்சது தப்புதான்ப்பா. திட்டவாவது செய்யுங்க."

அவர் இன்னும் பலமாகத் தட்டினார்.

"புரியுதுப்பா," என்றான் டெல்வின். "இனிமே கூப்பிட மாட்டேன்."

இணைப்பு அறுந்த பிறகும் அருளப்பன் தட்டுவதை நிறுத்தவில்லை.